பேச்சி கொண்டுபோன கவர்

ராசா, இந்தக் கவர் உன் பையில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் இருக்கும். மதுரா தாண்டியதும் உனக்குப் பசிக்கும், டப்பாவை எடுப்பாய், அப்போது கையில் படும். தமிழில் எழுதியிருக்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. இந்தியும் இங்கிலீஷும் உனக்கு ஓடும், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் ஆக்ரா வருவதற்குள் ஒரு மேய்ச்சல் மேய்ந்துவிட்டு, 'அச்சா அச்சா' என்று மடித்து வைத்துவிடுவாய். தமிழ் உன்னைப் போபால் வரைக்குமாவது பிடித்து உட்கார வைக்கும். சென்னைக்கு ஒன்றரை நாள், அங்கிருந்து நெல்லைக்கு ஓர் இரவு. அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாகப் படி.

நிதானம் எனக்குத்தான் இல்லை. இன்று கேஷுவல் லீவு போட்டிருக்கிறேன். காலையில் உன் அப்பா, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "மனசு சரியில்ல" என்றேன். "அதுக்கு லீவு குடுக்கிறாங்களா இப்போ?" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அவர் போனதிலிருந்து மூன்று தடவை இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். கூலரில் தண்ணீர் ஊற்றினேன். இஸ்திரிக்காரர் தேய்த்துக் கொடுத்த உன் சட்டைகளைப் பிரித்து மறுபடி மடித்தேன். கீழே காய்காரர் கத்துகிறார் என்று இறங்கிப் போய், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற வெண்டைக்காயையே திரும்ப வாங்கி வந்தேன். எதில் தொடங்கினாலும் கை அதில் நிற்கவில்லை. சரி, நேரே சொல்லிவிடுகிறேன். உன் பட்டியலை நான் பார்த்துவிட்டேன்.

வேவு பார்க்கவில்லை. முந்தாநாள் உன் டிக்கெட்டில் பெர்த் நம்பர் பார்க்கலாம் என்று நீலப் பைலைத் திறந்தேன். டிக்கெட்டுக்குப் பின்னால் டைப் அடித்த ஒரு தாள். மேலே நம் ஊர்க் கோரைப்பாய் நெசவுச் சங்கத்தின் பெயர். கீழே ஏழு பெண்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'கிரேடு ஏ'. சங்கத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். மிச்ச முப்பத்து மூன்று பேரின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில், ஒன்றும் தெரியாதவள் போல, ஊரில் உன் கம்பெனிக்கு என்ன வேலை என்று உன்னைக் கேட்டேன். நீ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய். "அம்மா, சங்கத்துல எல்லார் பாயும் ஒரே மாதிரி இல்ல. பெஸ்ட் ஏழு பேரை டைரக்டா எடுத்தா குவாலிட்டி பக்கா. அவங்களுக்கும் ஜாஸ்தி கிடைக்கும். சிம்பிள்." நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ரொட்டி ஆறுது, சாப்பிடு" என்றேன். அதைச் சொல்வதற்கா இவ்வளவு பெரிய வாய் எனக்கு? உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். நீ டிவி சத்தத்தைக் கூட்டினாய்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடத்தான் முதலில் கை போனது. கிழிக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். உன் வேலையில் கை வைக்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் இதே மாதிரி ஒரு பட்டியலை நானும் ஒரு காலத்தில் போட்டேன். நான்கு பெயர். அந்தக் கதையை உனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டியவள் நான்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

பேச்சி சித்தியை உனக்கு நினைவிருக்கும். நீ ஆறாம் வகுப்பு படித்த டிசம்பரில் நம் சரோஜினி நகர் வீட்டில் பதினைந்து நாள் இருந்தாள். என் கூடப் பிறந்தவள் இல்லை. என் தறிக்காரி. கோரைப்பாய்த் தறியில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து ஒன்றும் கிழிக்க முடியாது. ஒருத்தி நீளக் குச்சியில் கோரையைக் கோத்து உள்ளே தள்ளுவாள், இன்னொருத்தி அச்சைப் பிடித்து இழுத்து நெருக்குவாள். எட்டு வருடம் பேச்சி தள்ளினாள், நான் அச்சடித்தேன். ஐயோ அது பொற்காலம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. முதுகு விட்டுப்போகும், விரல் அறுபடும். டவுன் வியாபாரி வாசலில் நின்றுகொண்டு ஒருத்தி பாயை இன்னொருத்தி பாயோடு ஒப்பிட்டு இரண்டு பேரையும் மட்டம் தட்டுவான். எப்போது தப்பிப்போம் என்று காத்திருந்து, கிளார்க் பரீட்சை எழுதி, டெல்லிக்கு ஓடி வந்தவள் நான். பேச்சி ஓடவில்லை.

அவளும் அங்கே சும்மா இருக்கவில்லை. நான் வந்த பிறகு அவள்தான் வீடு வீடாக ஏறி இறங்கிச் சங்கம் சேர்த்தாள். அதற்கு முன் ஆற்றங்கரையில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குக் கோரை. பச்சையிலேயே அறுத்துக்கொண்டு போவார்கள், அடுத்த வருடம் அந்த இடம் மொட்டையாகக் கிடக்கும். சங்கம் வந்ததும் முறை வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் அறுக்காமல் விட்டார்கள். சாயத் தண்ணீர் வாய்க்காலில் கலக்கிறது என்று கீழ்வயல்காரர்கள் கம்போடு வந்து நின்றபோது, பேச்சி அவர்களையே உட்கார வைத்துப் பேசி, அவர்கள் கொடுத்த மூலையில் சாயக்குழி தோண்ட வைத்தாள். பாட்டில் சாயத்தை விட்டுவிட்டுப் பழையபடி பதிமுகக் கட்டையைக் காய்ச்சிச் சிவப்பு எடுத்தார்கள். கோரையை எல்லாரும் சேர்ந்து ஒரே துறையில் ஊறப்போட்டார்கள், முறை போட்டுக் காவல் இருந்தார்கள். கை முரடான பெண்கள் நெய்த பாயை வெட்டித் தைத்துப் பை, பைல் உறை என்று செய்தார்கள். பாயில் படுக்க ஆள் குறைந்துபோன காலத்தில் அந்தப் பைதான் பல வீட்டில் அடுப்பெரிய வைத்தது. நான் டெல்லியில் பைலைத் தள்ளிக்கொண்டிருந்த வருடங்களில் அவள் இவ்வளவும் செய்தாள்.

இங்கே ஐ.என்.ஏ. மார்க்கெட் எதிரே கைவினைப் பொருள் சந்தையில் அவர்களுக்குப் பதினைந்து நாள் ஸ்டால் வாங்கிக் கொடுத்தது நான். அதற்கு எத்தனை ஆபீஸ் ரூம் ஏறி இறங்கினேன் என்பதை அப்போது ஊருக்கெல்லாம் சொன்னேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேச்சி வந்தாள். உன் அப்பாவின் ஸ்வெட்டருக்கு மேல் சேலையைச் சுற்றி, குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்டாலில் உட்காருவாள். ஸ்கூல் விட்டதும் நீ ஓடிப் போய் அவளுக்கு இந்தி பேசிக் கொடுப்பாய். யாராவது விலை குறைத்துக் கேட்டால் அவள் உன்னைப் பார்த்து, "ஏல ராசா, இந்த அம்மா கையக் கொஞ்சம் கோரையில வச்சு இழுத்துப் பாக்கச் சொல்லு, பெறவு வெல கேக்கட்டும்" என்பாள். அதை நீ எப்படி இந்தியில் சொன்னாயோ, வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

கடைசி வாரத்தில் சௌத் எக்ஸ்டென்ஷனில் ஷோரூம் வைத்திருக்கிற ஒருவர் வந்தார். பேச்சி சாப்பிடப் போயிருந்தாள், நான் உட்கார்ந்திருந்தேன். பாய்களை ஒவ்வொன்றாகத் தடவி, சிலவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "மேடம், இந்தக் கை மட்டும் எனக்கு வேணும். சங்கம் வழியா வேணாம், அவங்க எல்லாத்தையும் கலந்து அனுப்புவாங்க. இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு பாயைத் தடவினாலே இது இன்னார் நெருக்கினது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது. பதினெட்டு வருடம் மற்றவர்கள் எழுதிய முடிவுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தவள், முதல் தடவையாக நானே ஒரு முடிவு எடுத்தேன். அங்கேயே நான்கு பெயர் சொன்னேன். பேச்சி பெயர் அதில் இல்லை. அதற்குள் அவளுக்குக் கண் மங்கிவிட்டது, ஓரம் கோணும். நான் அவள் பாயையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கினேன். எட்டு வருடம் ஒரே தறியில் இருந்தவளை ஒரு தடவலில் ஒதுக்கினேன், ராசா.

இரு, பால் பொங்குகிறது.

வந்துவிட்டேன். அடுத்ததைச் சொல்வது இன்னும் கஷ்டம். அந்த நான்கு பேருக்கும் ஷோரூம்காரர் சொன்ன விவரத்தை எழுதி, இனிமேல் நேரே அவருக்கு நெய்யுங்கள், சங்கத்தில் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று நான்கு கடிதம் எழுதினேன். கவரில் போட்டுப் பசை தடவி ஒட்டினேன். தபாலில் போட்டிருக்கலாம். நாள் ஆகும் என்று, ஊருக்குக் கிளம்பிய பேச்சி கையிலேயே கொடுத்தேன். அவள் நம் அடுப்படியில் நின்று எனக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தாள், ஒரு மாதத்துக்கு வரும் என்று. "என்னட்டி இது, நாலு கவரு?" என்று கேட்டாள். "சும்மா, நலம் விசாரிச்சு எழுதிருக்கேன்" என்றேன். கையைத் துடைத்து வாங்கி, நனையாமல் இருக்க ரவிக்கைத் துணிக்குள் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் அவள். ஒட்டின கவரைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே தோன்றாது. போய்ச் சேர்ந்த அன்றே நான்கு வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தாளாம்.

நான்கு பேரும் வீட்டுக்குள் தறி போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல வேலை வந்தது, செய்தார்கள். ஆனால் ஊறல் துறைக்கு முறைக்காவல் வர அவர்களுக்கு நேரம் இல்லை. அவர்களே வரவில்லை என்றால் நாம் எதற்கு என்று இன்னும் சிலர் நின்றுவிட்டார்கள். ஒரு வாரம் ஊறவேண்டிய கோரை எடுக்க ஆளில்லாமல் கிடந்து, அந்தப் பருவத்து மொத்தக் கட்டும் கறுத்து அழுகிப்போனது. சாயக்குழியைத் தூர் எடுக்காமல் விட்டார்கள், முதல் மழையில் உடைத்துக்கொண்டு கீழ்வயலில் சிவப்பாகப் பாய்ந்தது. வயல்காரர்கள் சங்கத்துக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார்கள். அந்த நான்கு பேரின் பாயும் என்ன ஆனது என்று கேள். ஷோரூம்காரர் தடவிப் பார்த்துவிட்டு, இது அந்தக் கை இல்லை என்று திருப்பிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். அது அந்தக் கை இல்லை. பட்டுப் போல இருக்கிற பாயை நெய்கிறவள் மட்டும் பட்டாக்குவதில்லை. ஒரு கோரையை நுனியிலிருந்து அடி வரைக்கும் ஒரே சீராக இத்தனை இழையாகக் கிழிக்கவேண்டும். அதற்குக் கண் வேண்டாம், விரல் வேண்டும். சங்கத்தில் அதைச் செய்தவள் பேச்சி. கண் மங்கின பிறகு அவள் நெய்வதைக் குறைத்துக்கொண்டு எல்லாருக்கும் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சங்கத்தை விட்டு வீட்டில் தறி போட்ட நான்கு பேருக்கும் அது கிடைக்கவில்லை. நான் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு தடவினேனே, ஒதுக்கி வைத்த அத்தனை பாயிலும் என் விரலில் பட்டது அவள் வேலை. பாய் நெய்த எனக்கே அது தெரியவில்லை என்றால் உன் கம்பெனி கொடுத்த சாம்பிள் பார்த்து உனக்கு எப்படித் தெரியும்?

நீ ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் என் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோமே, அப்போது பேச்சி வீட்டுக்குப் போனேன். சண்டை போடுவாள், நானும் இரண்டு வார்த்தை பேசிப் பாரத்தை இறக்கிவிடலாம் என்று தயாராகப் போனேன். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். உன் படிப்பை விசாரித்தாள். நான் எழுந்து செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னாள். "ஏட்டி, அந்தக் கவர நீ ஒட்டாமக் குடுத்திருந்தா நானே அவளுகளுக்குப் படிச்சுக் காட்டிருப்பேன். எல்லாரும் சேந்து எப்படிச் செய்யலாம்னு ரோசிச்சிருக்கலாம். எங்கிட்ட ஏன் ஒட்டிக் குடுத்த?" மாட்டின செருப்போடு வாசலைத் தாண்டி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஊருக்கே போகவில்லை. லீவு கிடைக்கவில்லை, உனக்குப் பரீட்சை, அப்பாவுக்குக் கால்வலி என்று நான் சொன்னதெல்லாம் பொய். அவள் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

சங்கம் திரும்ப எழுந்ததில் எனக்கு ஒரு துளி பங்கும் இல்லை. தம்பி போனில் சொல்லித்தான் தெரியும். பேச்சி முதலில் வயல்காரர்களிடம் போனாள், சாவியைக் கேட்டு அல்ல. பாழான வயலில் நாற்று நட நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனாள், அந்த நான்கு பேர் உட்பட. வயல்காரர்களே பிறகு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புதிதாக ஒரு வழக்கம் வைத்தார்கள். நல்ல கைக்காரியும் முரட்டுக் கைக்காரியும் ஒரே தறியில் ஜோடியாக உட்காரவேண்டும், வருடம் ஒரு முறை ஜோடி மாறும். எந்தப் பாயும் ஒருத்தி பெயரில் வெளியே போகாது. ஆற்றோரத்தில் கோரை குறைந்த இடத்தில் வயல்காரர்களே கோரைக் கிழங்கு நட்டுக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் கரை அரிக்காமல் அவர்கள் வயலையும் அந்தக் கோரைதான் பிடித்து வைத்திருக்கிறது. முரட்டுக் கை இப்போது எவ்வளவோ திருந்திவிட்டது என்றான் தம்பி. உன் பட்டியலில் இருக்கிற ஏழு பேரில் மூன்று பேர் அப்படித் திருந்தினவர்கள்தான். முதலில் அவர்கள் யாரும் கிரேடு ஏ இல்லை.

இப்போது உன் விஷயம். இது நீ தனியாகப் போகிற முதல் டூர். ஏழு கையெழுத்தோடு திரும்பினால் உன் பாஸ் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார், சங்கத்தோடு பேசி வந்தேன் என்றால் முகத்தைத் தொங்கப்போடுவார். எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னைச் சும்மா நல்லவனாக இரு என்று சொல்லி அனுப்புகிற அம்மா இல்லை நான். அங்கே போனதும் பாயைத் தடவாதே, முதலில் ஊறல் துறைக்குப் போ. யார் அறுத்தது, யார் கிழித்தது, யார் காவல் இருந்தது என்று கேள். எந்தப் பருவத்தில் எவ்வளவு அறுக்கலாம் என்று அவர்கள் சொல்கிற கணக்குக்கு உன் ஆர்டரை வளை, உன் ஆர்டருக்கு ஆற்றை வளைக்காதே. முரட்டுப் பாய்க்குப் பை, விரிப்பு என்று உன் கம்பெனியில் இடம் இருக்கிறதா என்று யோசி, அதற்குத்தானே அவ்வளவு செலவு செய்து டிசைன் படித்தாய். நாற்பது பேரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பேசு. ஏழு பேரைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேசாதே. ஒத்துவரவில்லை என்றால் வெறும் கையோடு வா. வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம், எனக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

இதையெல்லாம் நீ கேட்பாயா என்று தெரியவில்லை. என் பிள்ளைதானே, பிடிவாதம் வேறு எங்கிருந்து வரும். நாளை ஸ்டேஷனில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, சாப்பிட்டாயா, தண்ணி பிடிச்சாயா என்று இதைத் தவிர எல்லாவற்றையும் கேட்பேன். வண்டி நகர்ந்த பிறகுதான் உன் கையில் இது கிடைக்கும். அதுவும் ஒரு கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அழைப்பு மணி அடிக்கிறது. இஸ்திரிக்காரராக இருக்கும், நேற்றே வந்துவிட்டுப் போனவர் இன்று எதற்கு வருகிறாரோ. முடித்துவிடுகிறேன். கவரை நான் ஒட்டவில்லை, கவனித்திருப்பாய். பசை இல்லாமல் இல்லை, மேஜை மேல்தான் இருக்கிறது. ஊரில் இறங்கியதும் எந்தப் பாயையும் பார்ப்பதற்கு முன்னால் பேச்சி சித்தி வீட்டுக்குப் போ. இதை அப்படியே அவள் கையில் கொடு. கண் தெரியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீயே எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டு, அவளைப் பற்றி எழுதின இடத்தைத் தாண்டிவிடாதே. உன் நீலப் பைலையும் அவள் முன்னால் பிரித்து வை. அம்மா இந்தத் தடவை ஒட்டாமல் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று சொல்.